ஸ்டீல் கிற்றாரில் ஜாஸ்: இலக்கங்களை விற்கும் பாடநூல்கள்

ஐரோப்பிய நகரொன்றில் வாழும் தமிழ் இளைஞர் ஒருவர் கடந்த மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இரண்டு கழுத்துக்கள் கொண்ட பழைய பெடல் ஸ்டீல் கிற்றார் ஒன்றைக் கடன்பட்டு வாங்கியிருப்பதாகவும், அதில் ஜாஸ் இசையைக் கற்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார். அதற்கெனத் தாம் தெரிவுசெய்த பதினொரு பாடநூல்கள், இறுவட்டுக்கள், காணொளிப் பாடங்கள் ஆகியவற்றின் பட்டியலையும் இணைத்திருந்தார். மொத்த விலை அறுநூறு யூரோவுக்கு மேல். "ஐயா, எல்லாவற்றையும் வாங்க வசதியில்லை. எந்த ஐந்தை வாங்கலாம்?" என்பது அவரது கேள்வி.

பதினொன்றில் பத்தை வாங்க வேண்டாம் என்று பதில் எழுதினேன். மறுநாளே, சற்றுக் கோபம் தொனிக்க, "அப்படியானால் இந்த வாத்தியத்தில் ஜாஸ் கற்பதற்கு நூலே இல்லையா?" என்று கேட்டிருந்தார். இருக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி ஸ்டீல் கிற்றார் என்ற பெயர்ப்பலகையின் கீழ் விற்கப்படுவதில்லை என்பதே எனது வாதம். அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் ஜாஸ் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி ஜாஸ் அல்ல என்பது அதே வாதத்தின் மறுபக்கம். இதை இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்கு எனக்குள்ள தகுதி, நானும் அதே பட்டியலைப் போன்றதொரு பட்டியலுக்கு மூன்று ஆண்டுகளைப் பறிகொடுத்தவன் என்பது மட்டுமே.

வாத்தியத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். பெடல் ஸ்டீல் கிற்றார் மடியில் வைத்து வாசிக்கப்படுவதன்று. மேசை போலக் கால்களில் நிற்கும். கழுத்து ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் பத்துத் தந்திகள். இடது கையில் உருக்குத் தண்டு, வலது கையின் பெருவிரலிலும் இரண்டு விரல்களிலும் மீட்டிகள், இடது பாதத்தில் தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும் பெடல்கள், வலது பாதத்தில் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பெடல், முழங்கால்களுக்கு நெம்புகோல்கள். உடம்பின் எந்த உறுப்புக்கும் ஓய்வில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவில் யோசப் கெகுகு என்ற இளைஞர் தந்திகளின் மேல் உருக்கை வைத்து வழுக்கியதிலிருந்து வந்த மரபு இது. அந்த மரபின் ஒரு கிளை கல்கத்தாவுக்கு வந்து வங்காளிகளின் வீடுகளில் குடிகொண்டது. பிரிஜ் பூஷன் கப்ராவின் கைகளில் ஹிந்துஸ்தானி இசையாக மாறி, 1967இல் சிவகுமார் ஷர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் சேர்ந்தளித்த இசைத்தட்டில் உலகெங்கும் சென்றது. நான் கொழும்பில் இளைஞனாக இருந்தபோது ஹவாயன் கிற்றாரை அரைகுறையாகக் கற்றவன். பத்திரிகைப் பணியின் இரவுகள் அதை விழுங்கிவிட்டன. ஓய்வுபெற்று ரொறன்ரோவுக்கு வந்த பின்னரே பெடல் ஸ்டீலின் முன் அமர்ந்தேன்.

இரண்டு கழுத்துக்களுக்கும் இரண்டு வேறு உலகங்கள். முன்னாலுள்ள கழுத்து நாஷ்வில் நகரத்து நாட்டுப்பாடல்களுக்குரிய ஈ9 சுருதியமைப்பு. 1954இல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' என்ற பாடலில் பட் ஐசாக்ஸ் பெடலை மிதித்துத் தந்தியொலியை வளைத்தபோது அமெரிக்க வானொலி நேயர்கள் மயங்கினார்கள். அந்த மயக்கமே இன்றுவரை வாத்தியத்தின் சந்தை. பின்னாலுள்ள கழுத்து சி6. பெடல்கள் வருவதற்கு முன்னரே ஜெரி பேர்ட் போன்றோர் கையாண்ட சுருதியமைப்பு அது. மேற்கத்திய ஸ்விங் குழுக்களின் ஊடாக வளர்ந்து ஜாஸின் பக்கம் சாய்ந்தது. வாங்குபவர்களில் மிகப் பெரும்பாலானோர் முன்கழுத்துக்காகவே வாங்குகிறார்கள். ஆகவே பாடநூல் எழுதுபவர்களும் முன்கழுத்துக்காகவே எழுதுகிறார்கள். 1975இல் வெளிவந்த வினி வின்ஸ்ரனின் புகழ்பெற்ற நூலும் பெருமளவில் ஈ9 பற்றியதே. அது நல்ல நூல். தான் எதைக் கற்பிக்கிறது என்பதில் அதற்கு மயக்கமில்லை.

மயக்கம் பின்னர் வந்தவர்களுடையது. நாட்டுப்பாடல் பாடநூலில் பயன்பட்ட அதே முறையைச் சி6 கழுத்துக்குத் தூக்கிச் சென்று, அட்டையில் ஜாஸ் என்று அச்சிட்டார்கள். அந்த முறையின் பெயர் டேப்லச்சர். பத்துக் கோடுகள், பத்துத் தந்திகள். கோட்டின் மேல் ஓர் இலக்கம் இருந்தால் அந்த ஃபிரெட்டில் தண்டை வை. இலக்கத்துக்கு அருகில் இன்னோர் இலக்கம் இருந்தால் அந்தப் பெடலை மிதி. ஓர் எழுத்து இருந்தால் அந்த முழங்கால் நெம்புகோலைத் தள்ளு. எந்தச் சுரம் ஒலிக்கிறது, அது எந்தக் கோர்ட்டின் எத்தனையாவது சுரம் என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கருநாடக இசை பயிலும் குழந்தை சரளி வரிசையைச் சுரம் சொல்லியே பாடத் தொடங்குகிறது. அந்தக் குழந்தையின் குரு சுரத்தின் பெயரைச் சொல்லாமல், 'புல்லாங்குழலின் மூன்றாவது துளையை மூடு, இரண்டாவதைத் திற' என்று பத்து ஆண்டுகள் கற்பித்தால், அந்தக் குழந்தை ஆலாபனை செய்யுமா?

எனது இளமைக்காலப் பத்திரிகை அலுவலகத்தில் கையால் அச்சுக்கோக்கும் பகுதியில் ஒருவர் இருந்தார். ஆங்கிலம் அறியாதவர். ஆனால் ஆங்கில விளம்பரங்களை அவரைப் போல வேகமாகக் கோப்பவர் எவருமில்லை. எந்த எழுத்து எந்தக் குழியில் கிடக்கிறது என்பது அவரது விரல்களுக்குத் தெரியும். நாங்கள் கொடுத்த தாளில் பிழை இருந்தால் அந்தப் பிழையையும் பிழையின்றிக் கோப்பார். அவரது திறமையை நான் இன்றும் வியக்கிறேன். ஆனால் அவரிடம் யாரும் ஓர் ஆங்கிலச் செய்தியை எழுதித் தரும்படி கேட்டதில்லை. டேப்லச்சரால் ஜாஸ் கற்பவர் அந்த அச்சுக்கோப்பாளரின் நிலையில் இருக்கிறார். ஜாஸோ அவரிடம் கணத்துக்குக் கணம் புதிய செய்தியை எழுதும்படி கேட்கிறது.

எனக்கு இது உறைத்த மாலையைச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி வாசிக்கும் இடமொன்றுக்கு நண்பரொருவர் அழைத்துச் சென்றார். பியானோ, பாஸ், ட்ரம்ஸ், ஒரு சக்ஸபோன். என்னிடம் அப்போது, விலைகொடுத்து வாங்கிய பாடமொன்றின்படி, மனனமான நாற்பத்து மூன்று ஜாஸ் 'லிக்'குகள் இருந்தன. லிக் என்பது பத்து வினாடி நீளமுள்ள ஆயத்த இசைத் துணுக்கு. அவர்கள் ஜெரோம் கேர்ன் 1939இல் இயற்றிய 'ஓல் த திங்ஸ் யூ ஆர்' என்ற உருப்படியைத் தொடங்கினார்கள். ஐந்து சுருதிகளினூடாகச் சென்று திரும்பும் உருப்படி அது. எனது முறை வந்தது. முதலாவது துணுக்கை வாசித்தேன். அது முடிவதற்குள் கோர்ட்டு இரண்டு தடவை மாறிவிட்டது. இரண்டாவது துணுக்கைத் தேடினேன். எந்தத் துணுக்கு எந்தக் கோர்ட்டுக்கு உரியது என்பதை எனது பாடம் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எட்டுப் பார்களுக்குப் பின்னர் ஒலியளவுப் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கைகட்டி அமர்ந்திருந்தேன். பியானோ வாசித்த அம்மையார் பண்புள்ளவர். எதுவும் நடவாதது போல எனது சுற்றைத் தாமே நிரப்பினார். அவரது அந்தப் பண்புதான் இன்றுவரை சுடுகிறது.

இங்கே விற்பனையாளர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஸ்டீல் கிற்றாரில் ஒரு துணுக்கைக் கற்றால் பன்னிரண்டு சுருதிகளிலும் கற்றதாகுமாம். தண்டை நகர்த்தினால் போதுமாம். இது உண்மைதான், மிக ஆபத்தான உண்மை. சிந்திக்காமலே சுருதி மாற்ற இடமளிக்கும் வாத்தியம் சிந்திக்காதவரைக் கடைசிவரை சிந்திக்காதவராகவே வைத்திருக்கும். கோர்ட்டு மாறும் ஒவ்வொரு தடவையும் தண்டைத் தூக்கி ஓடுபவரின் இசை தீயணைப்பு வண்டியின் சங்கொலியைப் போலிருக்கும். சி6 கழுத்தில் பெடல்களை வைத்தவர்கள் அந்த ஓட்டத்தைத் தவிர்ப்பதற்காகவே வைத்தார்கள்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதை விளக்குவதற்கு இரண்டு பக்கங்கள் போதும். எனினும் நான் வாங்கிய பாடத்தில் அந்த இரண்டு பக்கங்கள் இருக்கவில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன். தண்டு 12ஆவது ஃபிரெட்டில் இருக்கட்டும். பெடல் எதுவும் இல்லாமல் மீட்டினால் சி6. வழமையான அமைப்பில் 7ஆவது பெடல், மேற்தந்திகளில் ஒரு சி-யை டி-யாகவும் ஓர் ஏ-யைப் பி-யாகவும் உயர்த்துகிறது. கிடைப்பது சி மேஜர் 9. ஐந்தாவது பெடல் டி9 தருகிறது. ஆறாவது பெடல், ஓர் ஈ-யை எஃப்பாக ஏற்றி, இன்னோர் ஈ-யை அரைச்சுரம் இறக்கி, எஃப்9 தருகிறது. எட்டாவது பெடல் அடித்தந்தியை ஏ-வரை இறக்கி, உள்ளே ஒரு சி-யைச் சி ஷார்ப்பாக்குகிறது. பியானோக்காரர்கள் விரும்பும் காரமான ஏ7 கோர்ட்டு வந்துவிடுகிறது. இனி ஜாஸில் ஆயிரம் உருப்படிகளில் வரும் சி, ஏ7, டி9, ஜி9 என்ற சுழற்சியை எடுங்கள். முதல் மூன்றுக்கும் தண்டு அசைய வேண்டியதில்லை. வெறுமனே, எட்டாவது பெடல், ஐந்தாவது பெடல். நான்காவதற்கு மட்டும் இரண்டு ஃபிரெட் மேலே சென்று ஆறாவது பெடலை மிதித்தால் ஜி9. இதை அறிந்த நாளில் எனது வாத்தியத்தை நான் முதன்முறையாகப் பார்த்தேன். அந்தப் பெடல்கள் ஏதோ இயந்திர வித்தைக்காக வைக்கப்பட்டவையல்ல. ஜாஸின் இலக்கணமே அங்கு இரும்பில் செய்து தொங்கவிடப்பட்டிருக்கிறது.

ஆகவே ஸ்டீல் கிற்றார் என்ற பெயருடன் நீங்கள் வாங்க வேண்டியது ஒரேயொரு சிறு நூல். சி6 கழுத்தின் தந்திகளைச் சுரப்பெயர்களுடன் எழுதி, ஒவ்வொரு பெடலும் நெம்புகோலும் எந்தச் சுரத்தை எங்கே கொண்டுசெல்கிறது, அதனால் எந்தக் கோர்ட்டு பிறக்கிறது என்று விளக்கும் நூல். இளைஞரின் பட்டியலில் நான் தப்பவிட்ட ஒன்று அத்தகையதே. பதினொன்றில் விலை குறைந்ததும் அதுதான்.

டேப்லச்சருக்கு எதிராக இன்னொரு வலுவான நியாயமும் உண்டு. பெடல் ஸ்டீல் கிற்றார்களில் ஒன்று இன்னொன்றைப் போல இருப்பதில்லை. ஒருவரிடம் ஐந்து முழங்கால் நெம்புகோல்கள், மற்றவரிடம் ஒன்று. ரெக்சாஸைச் சேர்ந்த மொறிஸ் அண்டர்சன் பன்னிரண்டு தந்திகளும் ஒரே கழுத்தும் கொண்ட பி ஃபிளாட் 6 அமைப்பில் வாசித்தார். ஈ9உம் பி6உம் ஒரே கழுத்தில் சேர்ந்த அமைப்பும் பலரிடம் உண்டு. சி6க்கு எழுதிய இலக்கங்களை அவர்கள் ஒவ்வொன்றாக ஒரு ஃபிரெட் கூட்டிப் படிக்க வேண்டும். எழுதியவரின் வாத்தியத்தில் இருக்கும் நெம்புகோல் உங்களிடம் இல்லாவிட்டால் அவரது டேப்லச்சர் அந்த இடத்தில் செத்த காகிதம். சுரமாக எழுதியிருந்தால் வேறு வழியில் அந்தச் சுரத்தைப் பிடித்திருப்பீர்கள்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கமாட்டேன். இந்த வாத்தியத்தில் ஒரே சுரத்தை நான்கு, ஐந்து இடங்களில் எடுக்கலாம். அவற்றுள் எந்த இடம் அடுத்த சுரத்துக்கு வழிவிடும் என்பதை ஐந்துகோட்டு இசைக்குறிப்பு சொல்லாது, டேப்லச்சர் சொல்லும். ஆகவே இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டு, மேலே கோர்ட்டின் பெயரையும் போட்டிருக்கும் நூலை நான் குறைகூறுவதில்லை. கடையில் அல்லது இணையத்தில் மாதிரிப் பக்கத்தைப் பாருங்கள். இலக்கங்கள் மட்டும் இருந்தால் மூடிவிடுங்கள்.

'நூலே வேண்டாம், காது போதும்' என்று சொல்லும் இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இசைத்தட்டைக் கேட்டு ஒரு பியானோக்காரரின் விரல்களை ஊகிக்கலாம். ஸ்டீல் வாசிப்பவரின் இடது முழங்கால் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் காதால் எப்படி ஊகிப்பது? இதே காரணத்துக்காகக் காணொளிப் பாடம் வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: கால்களைக் காட்டும் கமெரா இருக்கிறதா? ஆசிரியரின் முகத்தையும் மினுங்கும் வாத்தியத்தையும் மாத்திரம் காட்டும் பாடங்கள் ஏராளம். அவை விளம்பரப் படங்கள்.

மிகுதிப் பணத்தை எங்கே செலவிடுவது? சக்ஸபோன்காரர்களின் அலுமாரியில். இதைக் கேட்டதும் சிலர் சிரிப்பார்கள். அவர்களுக்கு 1963ஆம் ஆண்டை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். அந்த ஆண்டில் பட்டி எமன்ஸ் என்ற 26 வயது ஸ்டீல் வாத்தியக்காரர் நியூயோர்க்கில் 'ஸ்டீல் கிற்றார் ஜாஸ்' என்ற இசைத்தட்டைப் பதிவுசெய்தார். உடன் வாசித்தவர்கள் சக்ஸபோனில் ஜெரோம் ரிச்சர்ட்சன், பியானோவில் பொபி ஸ்கொட், பாஸில் ஆர்ட் டேவிஸ், ட்ரம்ஸில் சார்லி பேர்சிப். எல்லோரும் ஜாஸ் கலைஞர்கள். எமன்ஸ் அங்கே எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று சக்ஸபோன் மேதை சொனி ரொலின்ஸின் 'ஒலியோ'. இன்னொன்று பியானோக்காரர் ஹொரஸ் சில்வரின் 'த பிறீச்சர்'. ஸ்டீல் கிற்றாருக்கென்று எழுதப்பட்ட ஜாஸ் பாடநூலைப் பார்த்து அவர் அந்த இடத்துக்கு வரவில்லை. ரெக்சாஸில் நாட்டுப்பாடல் குழுக்களில் வாசித்துப் பின்னர் எவரும் போகாத வழியில் சென்ற சூசன் அல்கோர்ன் 2025 ஜனவரியில் காலமானார். பியாசோலாவின் ஆர்ஜென்ரீன இசையை அவர் இந்த வாத்தியத்துக்குக் கொண்டுவந்தபோதும் அவருக்கு முன்னால் ஸ்டீல் கிற்றார் பாடநூல் எதுவும் இருந்திருக்க முடியாது.

நான் சொல்லும் அலுமாரியில் இருப்பவை எளிதில் கிடைப்பவை. 1978இல் வெளியான சார்லி பார்க்கரின் 'ஒம்னிபுக்' அவரது 60 தனி வாசிப்புக்களைச் சுரக்குறிப்பில் தருகிறது. 1970களில் பொஸ்ரன் நகரத்து இசை மாணவர்கள் களவாக அச்சிட்டுத் தெருவில் விற்ற 'றியல் புக்', 2004 முதல் உரிமை பெற்ற பதிப்பாகவே கிடைக்கிறது. ஜேமி ஏபர்சோல்ட் 1967இல் தொடங்கிய துணைவாசிப்பு வரிசையில் பாஸ் ஒரு காதிலும் பியானோ மறு காதிலும் ஒலிக்கும். பியானோவை அணைத்துவிட்டு அந்தக் கோர்ட்டுக்களைச் சி6 கழுத்தில் நீங்களே வாசிக்கலாம். இந்த வாத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சியை நான் கண்டதில்லை. செய்தவருக்குப் பெடல் ஸ்டீல் என்ற எண்ணமே இருந்திராது என்பது வேறு விடயம்.

ஆனால் ஒம்னிபுக்கை வாங்கி நாளைக்கே பார்க்கரைத் துரத்த வேண்டாம். அப்படிச் செய்தால் அந்த நூலும் விலையுயர்ந்த லிக் பட்டியலாகிவிடும். வேகமாக வாசிக்கும் ஸ்டீல்காரருக்கு மற்றெவருக்கும் இல்லாத ஒரு தொல்லை உண்டு. இந்த வாத்தியம் ஒலிப்பதை நிறுத்துவதில்லை. சக்ஸபோன்காரருக்கு மூச்சு முடிந்தால் சுரம் முடிகிறது. எமக்கோ ஒவ்வொரு சுரத்தையும் உள்ளங்கையின் ஓரத்தாலோ மீட்டியாலோ தொட்டு அணைத்தால்தான் அடுத்தது தெளிவாகக் கேட்கும். நாட்டுப்பாடலில் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து அழுதால் அழகு. ஜாஸில் அது சேறு. ஜாஸ் என்ற பெயரில் விற்கப்படும் பாடங்களில் வலது கைக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் வாங்கியதில் அரைப் பக்கம்.

தொடக்கத்திலேயே சுரமும் கோர்ட்டும் என்று பயமுறுத்தினால் மாணவர் ஓடிவிடுவார், நாலு துணுக்குகளைக் கொடுத்து மகிழ்வித்தால்தான் நிலைப்பார் என்று கற்பிப்போர் சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அவர்களது கடையின் கணக்குப் புத்தகத்துக்கு அது சரியாக இருக்கலாம். நாலு துணுக்குகளை வாங்கியவர் அடுத்த மாதம் இன்னும் நாலு வாங்க வருவார். சுரம் கற்றவர் திரும்பி வரமாட்டார். அறுபதுகளைக் கடந்து வாத்தியத்தின் முன் அமரும் என்னைப் போன்றவருக்கு அந்த மகிழ்ச்சியின் விலை மூன்று ஆண்டுகள். இளைஞருக்கு அது கடன்பட்ட பணம்.

அவருக்கு எழுதிய இரண்டாவது பதிலில் நூல்களின் பெயர்களுக்கு முன்னால் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறேன். லெஸ்ரர் யங் 1936 நவம்பரில் சிக்காகோவில் பதிவான 'லேடி பி குட்' உருப்படியில் ஒரு தனிவாசிப்பை, 64 பார்களை, வாசித்திருக்கிறார். பாடக்கூடிய இசை. யூரியூப்பில் கேட்கலாம், வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாது. நாங்கள் ஒரு காலத்தில் 33 வேகத்து இசைத்தட்டை 16இல் ஓடவிட்டு, ஓர் எட்டு கீழே இறங்கிய உறுமலிலிருந்து சுரங்களைப் பொறுக்கியவர்கள். நான்கு பார்களை வாயால் பாடி, சுரப்பெயர்களைத் தாளில் எழுதி, அதன் பின்னரே தண்டைக் கையிலெடுக்கும்படி கேட்டிருக்கிறேன். தந்தியையும் பெடலையும் அவரே தெரிவுசெய்யட்டும்.

நேற்று அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பென்சிலால் கிறுக்கி அழித்துத் திரும்ப எழுதிய தாள். நான்காவது பாரில் ஒரு சுரம் பிழை. அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று இன்னும் பதில் எழுதவில்லை.